தவளையை ஓட்டி வந்தது யார்

ட்ரோயான்
3 மார்ச் 2016

ரலிட்சாவுக்கு,

நாலு வருஷத்துக்கு முன்னால், அப்பா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில், பாதிரியார் உட்பட அத்தனை பேர் முன்னால், இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னவன் நான். சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. எழுத மாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பிலியானா என்று ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். உன் உதவி இயக்குநராம். என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்து, குலுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, பிறகு நன்றாகவே குலுக்கினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அப்பாவின் பச்சைக் காரைப் படத்துக்குத் தருவீர்களா என்று கேட்டாள். 'தவளை' என்று பெயரைச் சொல்லியே கேட்டாள். நம் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர் அது. வெளியாள் வாயிலிருந்து கேட்டபோது, என் உள்சட்டையை யாரோ கொடியில் காயப்போட்ட மாதிரி இருந்தது.

திரைக்கதையைக் கொடுத்துவிட்டுப் போனாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தேன்.

முதலில் சின்ன விஷயங்கள். பெக்லெமெத்தோ கணவாய் வளைவுகளில் வாந்தி எடுத்தவள் நீ. படத்தில் நான் எடுக்கிறேன். அப்பா வழியெல்லாம் பாடிக்கொண்டு வருகிறார். அவர் பாடி நீ எப்போது கேட்டாய்? காரைப் பார்த்து ஏதாவது முணுமுணுப்பார். அதுவும் வசவுதான்.

இனிப் பெரிய விஷயம். 1987 கோடையில் அப்பா நம் இருவரையும் தவளையில் ஏற்றிக்கொண்டு மலை தாண்டிக் கடலுக்குப் புறப்பட்டபோது உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதிமூன்று. அம்மாவுக்கு இடுப்பு வலி, கடற்கரையில் பொமோரியேவில் சேற்று வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள், நாமும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று உன்னிடம் சொன்னவன் நான். உன் திரைக்கதையின் முதல் காட்சியிலேயே ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் பெட்டியோடு பேருந்து ஏறுகிறாள். தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று புருஷன் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடுகிறான். இதை உனக்கு யார் சொன்னது? அப்பா சொல்லியிருக்க மாட்டார். நான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அதை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்கிறாய். அம்மா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஊரே அவளைத் திரையில் பார்த்துச் சிரிக்கும்.

கார் கிடையாது.

ஓக்னியான்

பி.கு.: நெவேனா உனக்கு இரண்டு பாட்டில் மிளகாய்த் தொக்கு அனுப்புகிறாள். அது என் மனைவியின் சொந்த முடிவு. என்னைச் சேர்க்காதே.

*

சோஃபியா
12 மார்ச் 2016

அன்புள்ள அண்ணா,

தொக்கும் கடிதமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தொக்கில் காரம் கொஞ்சம் குறைவு, கடிதம் ஈடுகட்டிவிட்டது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்குச் சேற்றில் படுக்கப் போகிறவள் குதிகால் உயர்ந்த சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு போவாளா? அலமாரியின் அடித்தட்டில் அது இருந்த இடத்தில் தூசி மட்டும் ஒரு ஜோடி கால் வடிவத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வந்து கேட்டேன். உனக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. "இடுப்பு வலின்னு சொன்னேன்ல" என்றாய். நம்பிவிடு என்று உன் முகம் கெஞ்சியது. பாவமாக இருந்தது. நம்பிவிட்டேன்.

அப்புறம் வழியெல்லாம், நான் வாயைத் திறந்தால் போதும், எதையாவது கேட்டுவிடுவேனோ என்று பயந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாய். கார்லோவோ ஊரிலேயே எனக்கு அது பிடிபட்டுவிட்டது. கஸான்லக் வந்ததிலிருந்து, "அண்ணா, அம்மா..." என்று தொடங்கி அதோடு நிறுத்திக்கொள்வேன். கணவாயில் வாந்தி எடுத்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். உனக்கு மாற்றியதற்குக் காரணம், எனக்காக நடிக்கும் சிறுமி வாந்தி எடுக்க மறுக்கிறாள்.

நீ சிரிப்புப் படம் என்கிறாய். என் சின்ன வயதிலேயே ஆகச் சந்தோஷமான நாட்கள் அவை. நீ என்னை ஏமாற்றினாய், நான் உன்னை ஏமாற்றினேன், அப்பா தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதற்காகவே நாம் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் அவ்வளவு கவனமாக இருந்தோம். அதற்கு முன்னும் பின்னும் நம் வீட்டில் அப்படி ஒரு கவனத்தை நான் பார்க்கவில்லை. அதைத்தான் எடுக்கப் பார்க்கிறேன்.

நாற்பதாம் நாள் விருந்தில் நான் கேமராவைத் தூக்கியதற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே. அன்று எல்லோரும் அப்பாவைப் பற்றி அழுதார்கள், அவரைப் பற்றியே சிரித்தார்கள், சாப்பிட்டார்கள். யாராவது பார்த்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. உனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. நாம் இருவரும் செத்தாலும் இதில் ஒத்துப்போக மாட்டோம். ஒத்துப்போகாமலே கார் கொடுக்கலாமே.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. இதை நீ கிண்டல் செய்யலாம், செய்.

ரலி

*

ட்ரோயான்
30 ஏப்ரல் 2016

ரலிட்சாவுக்கு,

உன் வேலையைப் பெரிய வியாழனன்று நெவேனா முடித்துவிட்டாள். அம்மா அடுப்படியில் ஈஸ்டர் முட்டைகளுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டறையில் கிடந்த திரைக்கதையை நெவேனா எடுத்து வந்து, பழைய பேப்பர் என்று நினைத்து முட்டைக்கு அடியில் விரித்திருக்கிறாள். பெயர்களைப் பார்த்துவிட்டு அம்மா வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.

நான் போனபோது பாதி ஆகியிருந்தது. தடுத்துப் பார்த்தேன். "நீ முட்டையைப் புரட்டு" என்றாள். புரட்டினேன். கைநிறையச் சிவப்புச் சாயத்தோடு அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா பாடும் இடத்தில், "அந்த மனுஷன் பாடியிருந்தா நான் ஏன் போறேன்" என்றாள். வழியில் ஸ்லிவென் ஊரில் கார் நிற்கும் காட்சிக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. முடிந்ததும் சாயச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அழகா பொய் சொல்லியிருக்கீங்க. நான் வந்து நடந்ததைச் சொல்றேன். எப்பக் கிளம்பணும்?"

ஆக, கார் வருகிறது. அம்மாவும் வருகிறாள். தவளையின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பதினைந்து வருஷமாகக் கோழிகள் படுத்த இடம், கொஞ்சம் வேலை இருக்கிறது.

நிபந்தனைகள்: என்னைத் தவிர யாரும் ஓட்டக் கூடாது. படப்பிடிப்பில் உன்னோடு பேச மாட்டேன். சொல்ல வேண்டியதைப் பிலியானா வழியாகச் சொல். அப்பாவாக நடிக்கிறவன் கதவை அறைந்து சாத்தக் கூடாது. அம்மாவுக்குக் கடலைப் பார்த்த அறை வேண்டும்.

வாந்தியை நீ எப்படியோ தீர்த்துக்கொள்.

உனக்கு உடைக்க ஒரு சிவப்பு முட்டை எடுத்து வைத்திருக்கிறது. அம்மா வைத்தது.

ஓக்னியான்

*

பொமோரியே
21 ஜூன் 2016

அண்ணா,

நீ போனை எடுக்கவில்லை. இதைக் காலைப் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பிக் காத்திருந்தால் என் படக்குழு பொரித்த மீன் தின்றே ஊதிவிடும்.

நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்கே புரியும் என்று பார்க்கிறேன். கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. நான் கேமராவோடு வளைவின் நடுவில் நின்றிருந்தேன். "ரலி, தள்ளிப் போடி" என்று நீ கத்தியது மலையில் நாலு பக்கமும் கேட்டது. தவளையை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தி, இறங்கி வந்து, என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கி, ரோட்டில் நிற்பதைப் பற்றி நிறையச் சொன்னாய். பக்கத்தில் நின்ற பிலியானா, "இதை நான் அவங்ககிட்ட சொல்லணுமா?" என்று கேட்டாள். உன் பேச்சை என்னிடம் சேர்க்கும் வேலையை அவளுக்கு நீதான் கொடுத்திருந்தாய்.

பிரேக்கை அங்கேயே சரிக்கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, கஸான்லக் வரை நீ பேச்சை நிறுத்தவே இல்லை. நாலு வருஷத்து மிச்சத்தையும் பேசித் தீர்த்தாய். என் சமையல், என் முடி, நான் வராமல் விட்ட கல்யாணங்கள். ஒலிப்பதிவுக்காரன் பாவம், காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டான். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா?

பிறகு ஸ்லிவென். முசுக்கட்டை மரத்தடியில் கார் நிற்கும் காட்சி. அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிக்கிறார், நீயாக நடிக்கும் பையனும் சிரிக்கிறான். அப்பாவாக நடிக்கும் லூபென் நன்றாகத்தான் செய்தார். நீ நடந்து வந்து, சாவியை உருவி, "அப்படி நடக்கல" என்றாய். அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காரை எடுத்துக்கொண்டு ட்ரோயானுக்குப் போய்விட்டாய்.

அம்மாவை விட்டுவிட்டுப் போய்விட்டாய், அண்ணா. கவனித்தாயா?

அவள் நலம். எங்களோடு பொமோரியே வந்துவிட்டாள். கடலைப் பார்த்த அறையில் இருக்கிறாள், நான் பிலியானாவின் அறையில் படுக்கிறேன். நேற்று, அம்மாவாக நடிக்கும் கிரெமெனா மீன் கடை மேஜையில் உட்கார்ந்து அழுது ஒத்திகை பார்த்தாள். அம்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா அழுற? நான் அழல. வருஷா வருஷம் கடலுக்குப் போலாம்பாரு எங்க வீட்டுக்காரரு. ஒரு வருஷம் கூரை, ஒரு வருஷம் பன்னி, ஒரு வருஷம் யாரோ கல்யாணம். அன்னிக்குத் துணி ஊற வச்சுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். பொமோரியே பஸ்ல ஒரு சீட்டு இருந்துச்சு. டிக்கெட் கொடுத்தவன்தான் அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கான். சொன்னா மூணு பேரும் கூட வருவாங்கன்னுதான் சொல்லாம வந்தேன். இங்க உக்காந்து மீன் தின்னேன். தலையோட தின்னேன். யாருக்கும் முள்ளு எடுத்துக் கொடுக்கல."

திரும்பி வருவதாக இருந்தாயா என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

"முடிவே பண்ணல. மீன் ஆறிடுமேன்னு தின்னுட்டிருந்தேன். அப்ப தவளை வந்து நின்னுச்சு. அதை யார் ஓட்டிட்டு வந்தாங்கன்னு பார்த்தேன். பார்த்ததும் எந்திரிச்சுட்டேன்."

அப்பாதானே ஓட்டி வந்தார் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்கண்ணனைக் கேளு" என்று சொல்லிவிட்டு, கிரெமெனாவுக்கு மீனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டப் போய்விட்டாள்.

கேட்கிறேன். ஸ்லிவெனில் என்ன நடந்தது? நீ சொல்லும்வரை அந்தக் காட்சியை எடுக்க மாட்டேன்.

ரலி

*

ட்ரோயான்
23 ஜூன் 2016

ரலி,

அம்மாவை விட்டுவிட்டு வந்ததை கார்லோவோவில் பெட்ரோல் போடும்போதுதான் கவனித்தேன். திரும்பியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. நெவேனா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஸ்லிவெனில் நடந்தது இதுதான். நீ பின்சீட்டில் தூங்கிவிட்டாய். அப்பா முசுக்கட்டை மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.   எஞ்சின் சூடா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு சொன்னார்:

"எனக்கு ரோடு தெரியலடா. நீ ஓட்டு."

ரோடு அவருக்குத் தெரியும். கண்தான் தெரியவில்லை. கண் நிறையத் தண்ணீர் இருந்தது.

வயல் பாதைகளில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார். பெரிய ரோட்டில் ஓட்டியதே இல்லை. இடம் மாறி உட்கார்ந்தோம். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். புறப்படும் முன் இன்னொன்றும் சொன்னார். "அவ வரமாட்டேன்னு சொல்லிட்டா, திரும்பவும் நீதான் ஓட்டணும். என்னால முடியாது." அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

வழியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பக்கத்தில் அப்பாவைப் பார்த்தார். கையைத் தூக்கப் போனவர் எதற்கோ இறக்கிவிட்டார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அன்று கடலைப் பார்க்கவே இல்லை, ரலி. எல்லோரும் முதல் தடவை கடல் பார்த்த கதை சொல்லும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ரோட்டின் வெள்ளைக் கோட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போனேன். திரும்பவும் இதே வழியை இருட்டில் எப்படி ஓட்டுவேன் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மீன் கடையிலிருந்து எழுந்து வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். "கீழ இறங்கு, ராசா" என்றாள். அப்பாவிடம் போகவில்லை. முதலில் என்னிடம் வந்தாள். 

அதன் பிறகு நீ எழுந்து, "வந்துட்டோமா?" என்று கேட்டாய். நாம் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தியது எனக்கு. இரண்டும் நடந்ததுதான்.

அப்பாவை யாரும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். ஆனால் அவர் சிரித்ததாகக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவர் அன்று அவ்வளவு பயந்தார். அம்மாமேல் அவருக்கு இருந்ததற்கு நான் பார்த்த ஒரே சாட்சி அந்தப் பயம்தான். அதை அவரிடமிருந்து எடுத்துவிடாதே.

சனிக்கிழமை தவளையோடு வருகிறேன். பிரேக் புதிது.

அண்ணன்

*

சோஃபியா
9 பிப்ரவரி 2017

அண்ணா,

படத்தொகுப்பு நேற்று முடிந்தது. ஸ்லிவென் காட்சியில் இசை போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எஞ்சின் சத்தம் மட்டும்.

அன்று நான் உண்மையாகவே தூங்கினேன், அண்ணா. மற்றதெல்லாம் எனக்குத் தெரியும் என்று கர்வமாக இருந்தேன். அது மட்டும் தெரியாது.

பையனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துக் காரை இழுத்துக்கொண்டு போய் எடுத்தது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பையனுக்குப் பதில் நீ ஓட்டிய தூரத்துக் காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மீசையை எடுத்துவிட்டு, பையனின் கட்டம்போட்ட சட்டைக்குள் நீ உன்னைத் திணித்துக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்து, கூனிக் குறுகி ஓட்டிப் போகிறாய். சூரியகாந்தி வயலுக்கு நடுவில் தவளை சின்னப் புள்ளியாகப் போகிறது. சட்டை முதுகில் கிழிந்தது கேமராவில் தெரியவில்லை, கவலைப்படாதே. பக்கத்தில் லூபென் உண்மையிலேயே அழுதுவிட்டார் என்று பிலியானா சொன்னாள். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் ட்ரோயானில் திரையிடுகிறார்கள். அந்த வாரம் நான் இத்தாலியில், ட்ரியெஸ்ட்டெ நகரத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள். எப்படிப் போனது என்று எழுது. போன் வேண்டாம். நீ எழுதினால்தான் முழுக்கச் சொல்வாய்.

ரலி

*

ட்ரோயான்
24 ஏப்ரல் 2017

அன்புள்ள ரலி,

கலாச்சார மாளிகை நிறைந்துவிட்டது. பக்கவாட்டில் நின்றுகொண்டு பார்த்தவர்களும் உண்டு. அம்மா முடி சுருட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஊர் சிரித்தது. அவளை நினைத்து நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோருக்கும் முந்தி அவள்தான் சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, பின்வரிசைக்குத் திரும்பி, "அது உண்மைதான், அது அவ சேர்த்தது" என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்லிவென் வந்தது. மண்டபத்தில் எஞ்சின் சத்தம் மட்டும். நெவேனா என் கையைப் பிடித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் சொன்னதில்லை.  அம்மா அப்போது ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். சரியாகத்தான் இருந்தது அது.

ஊர் கை தட்டியது. மேயர் ஏதோ பேசினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வாஸ்கோ காரைக் கொண்டு வந்தான். மரக்கடை வாஸ்கோ, உனக்குத் தெரியும், கார்புரேட்டரைத் தவிர எதைப் பற்றியும் என்னோடு பேசாதவன். ஏதோ சத்தம் வருகிறது, பார் என்றான். பானட்டைத் திறந்து பார்த்தேன். சத்தமே இல்லை. அப்படிச் சொன்னேன். அவன் போகவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றவன், "எங்கப்பா ஒரு தடவை என்னை ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுட்டு..." என்று ஆரம்பித்தான். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

மத்தியானம் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அவர் காரிலும் கோளாறு இல்லை. அவருக்கு ஒரு தம்பி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் தபால்காரர், அதற்கு மறுநாள் மலைக் கிராமத்திலிருந்து முகமே பழக்கமில்லாத ஒரு ஆள். எல்லோரும் பானட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். அதற்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசுகிறார்கள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நடுவில் எங்கேயாவது ஒரு திருகாணியை முடுக்கிக் கொடுக்கிறேன், வந்ததற்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று.

உண்மையிலேயே பழுதான வண்டிகள் வெளியே வரிசையில் நிற்கின்றன. நெவேனா வாசலில் ஒரு பெஞ்சும் காபிப் பானையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இப்போதும் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கார் கொண்டு வரவில்லை. சைக்கிளில் வந்திருக்கிறார்.

நிறுத்துகிறேன். போய் என்னவென்று கேட்க வேண்டும்.

உன் அண்ணன்